சொம்பில் வெட்டிய பேர்

மலை மடம்
12.5.2025

இயேசுவில் பிரியமுள்ள தம்பி குழந்தைராஜுக்கு,

அக்கா சகாயம் எழுதுவது. மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எங்களுக்கு அனுமதி. இந்த மாதத்துக் கடிதம் உனக்கு. போனிலேயே பேசிப் பழகியவன் ஐம்பத்து நாலு வயதில் பேனா பிடிப்பது கஷ்டம்தான். வாசல் தாண்டக் கூடாத அடைப்பு மடத்துக்கு அக்காளைக் கொடுத்தவர்கள் அந்தக் கஷ்டத்தையும் பட வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நாற்பத்திரண்டு வருஷமாக முழந்தாள்படியிட்ட கால், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? கடைக்கு வருகிறவர்கள் கொடுக்கிற இனிப்பையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். குடவாசல் பக்கத்தில் நம் செபஸ்தியம்மாள் சித்தி இருக்கிறாரே, சித்தப்பா போனபிறகு நாம் இருவருமே சரியாக விசாரிக்கவில்லை. மகன் ரெஜின் குவைத்திலிருந்து பணம் அனுப்பி, ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் போடப்போகிறானாம். மருமகள் சான்ட்ரா எனக்கு எழுதியிருக்கிறாள். சித்திக்குப் பார்வை மங்கிவிட்டது, அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். பரண் நிறையப் பழைய பாத்திரங்கள். பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு எவர்சில்வர் தருகிற ஆள் வாரம் ஒருமுறை வாசலில் வந்து நிற்கிறானாம். எது பழசு, எது வெறும் ஈயம் பித்தளை என்று அவர்களுக்குத் தெரியாது. தஞ்சாவூர் கீழவாசலில் முப்பது வருஷமாகப் பழம்பொருள் கடை வைத்திருக்கிற நீ ஒருநாள் போய்ப் பார்த்துச் சொல்லக் கூடாதா?

பெட்டியில் துணி சுற்றி ஒரு சொம்பு வைத்திருக்கிறார். அதை மட்டும் விற்பதற்கில்லை என்கிறாராம். அதன் மதிப்பையும் சொல்லு, தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பார்த்த கையோடு அவர் கையில் கொடுத்துவிடு.

உனக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை உண்டு.

அக்கா
சகாயம்

*

தஞ்சாவூர்
24.5.2025

வைரக்கண்ணு அண்ணனுக்கு வணக்கம்.

போனில் படமோ பேச்சோ கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதால் பொருளுக்குள்ளேயே இந்தச் சீட்டை வைக்கிறேன். கறுப்பைப் பார்த்துவிட்டு வேலையாளிடம் தேய்க்கக் கொடுத்துவிடாதீர்கள். கழுத்தில் மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன். செம்பின்மேல் வெள்ளித் தகடு பதித்த வேலை. மராட்டியர் காலத்துத் தஞ்சாவூர்ப் பாத்திரக் கன்னார் கைவேலை. திராட்சைக் கொடி, இரண்டு மீன், நடுவில் சிலுவை. சாமி உருவம் வைத்த சொம்பு நூறு பார்த்திருக்கிறேன், சிலுவை வைத்தது இதுதான் முதல். புதுச்சேரியில் உங்கள் ஆட்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே குறை. அடிவயிற்றில் யாரோ வீட்டுப் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது, அது பிற்காலத்து வேலை. பேர் வெட்டிய பாத்திரத்தை உங்கள் ஆட்கள் விரும்ப மாட்டார்கள். அரம் போட்டு ராவி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பேசிய தொகை வந்து சேர்ந்தது. நன்றி.

குழந்தைராஜ்

*

தஞ்சாவூர்
29.5.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, நான்தான் கட்டுக்குள் இல்லை. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தலைவித் தாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திட்டினால் நான் பொறுப்பல்ல.

சித்தி வீட்டுக்குப் போனேன். பரணை இறக்கி முற்றத்தில் பரப்பியபோது எனக்குச் சின்னப் பிள்ளைக்குத் திருவிழாக் கடை கண்ட சந்தோஷம். ஒரு வெண்கலப் பானை. விரல் முட்டியால் தட்டினேன், ஓசை அடங்க நான் மூச்சு விட்டு மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இப்படி நின்று ஒலித்தால் நல்ல வெண்கலம். பொத்தென்று கேட்டால் எங்கோ கீறல், அல்லது கலப்படம். அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓர் இரும்பு மரக்கால். விளிம்பில் வருஷத்துக்கொரு சர்க்கார் முத்திரை குத்தியிருக்கிறது. மிகப் பழைய முத்திரை 1911. அதுவும் வைத்துக்கொள்ள வேண்டியது. பெரிய அண்டா இரண்டும் ஒட்டுப்போட்டவை, எடைக்குப் போகலாம். சித்தப்பாவின் சுவர்க் கடிகாரம் முகம் மட்டும்தான் கிழம், உள்ளே பாட்டரி ஓடுகிறது. என்னைப் போல என்று சொன்னேன், சான்ட்ரா சிரித்தாள்.

எங்கள் தொழிலில் கிழத்தை நம்பக் கூடாது அக்கா. புதுப் பித்தளைக்கு உப்பும் புளியும் தடவி எருக்குழியில் மூன்று மாதம் புதைத்துவைத்தால் இருநூறு வயது கூடிவிடும். சாமானைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் எவனும் ஏமாற்றுவான். அடிப்பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சொம்பைக் கடைக்கு எடுத்துவந்து பார்த்தேன். சாதாரணப் பித்தளைதான். மெருகு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தேய்த்ததில் அடியிலிருந்த பேர் போய்விட்டது.

மற்றபடி வெயில்தான். ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
குழந்தைராஜ்

*

மலை மடம்
30.6.2025

இயேசுவில் பிரியமுள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. தலைவித் தாய் முகர்ந்து பார்த்தார், பிறகு தன் முழங்காலுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பானைக்கு ஏழு வரி, மரக்காலுக்கு ஐந்து வரி, பாட்டரிக்குக்கூட ஒரு கிண்டல். சொம்புக்கு மூன்றே வரி. அதில் ஒன்று பேர் போய்விட்டது என்பது.

சித்தியிடமிருந்தும் கடிதம் வந்தது. தேய்த்ததில் பேர் போய்விட்டது என்று நீ சொன்னதாக எழுதியிருக்கிறார். உன்னைத் திட்ட வேண்டாம் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார். பேர் தேய்ந்துவிடும் என்றுதான் ஐம்பது வருஷமாக அந்தச் சொம்பில் புளி படாமல் வைத்திருந்தாராம். வந்ததை மடியில் வைத்துக்கொண்டு அடியைத் தடவித் தடவிப் பார்க்கிறாராம். சோறு சரியாக இறங்கவில்லையாம்.

வருஷத்துக்கு ஒருநாள் கல்லறைத் திருநாளன்றுதான் அவர் அதை வெளியே எடுப்பார். அதில் தண்ணீர் கொண்டுபோய்ச் சித்தப்பா கல்லறையைக் கழுவுவார். பிறகு கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வாய்க்கால் பக்கம் போய்ச் சொம்பைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவார். நீ பார்த்ததில்லை, எனக்குச் சான்ட்ரா எழுதியது. நவம்பர் இரண்டாம் தேதி வந்தால் இந்த வருஷம் எதை எடுத்துக்கொண்டு போவார்?

மெருகு போடுமுன் அந்தப் பேரை நீ படித்தாயா? என்ன பேர்?

தண்ணீர் திறந்துவிட்டார்களா? குறுவைக்கு வந்து சேர்ந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சகாயம்

*

தஞ்சாவூர்
19.7.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். கடைப்பக்கம் கொஞ்சம் அலைச்சல், அதனால் பதில் தாமதம்.

ஜூன் பன்னிரண்டிலேயே மேட்டூரில் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் கரைமுட்டத் தண்ணீர். வழியெல்லாம் நடவு முடிந்து பச்சைகட்டி நிற்கிறது. திருப்பனந்தாள் பக்கம் ஒரு பழைய வீட்டில் தேக்குக் கதவு பார்க்கப் போயிருந்தேன். கதவு நல்ல கதவு, நிலைதான் கரையான். எங்கள் வீட்டில் மாடியில் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

பேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவனிக்கவில்லை அக்கா. ஒரு நாளைக்கு இருபது பாத்திரம் கைமாறுகிறது. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பேர். கல்யாணச் சீர் கொடுத்த அப்பன் பேர், வாங்கிய பெண் பேர். நாங்கள் படிப்பதில்லை.

சித்திக்குச் சத்துமாவு வாங்கி அனுப்பியிருக்கிறேன். நேரில் போக நேரமில்லை.

தைலம் தீர்ந்துவிட்டால் எழுதுங்கள். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி
குழந்தைராஜ்

*

மலை மடம்
20.8.2025

இயேசுவில் பிரியமுள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தையும் தலைவித் தாய் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். படிக்கட்டும். ஐம்பத்தோரு வருஷமாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அந்தச் சொம்பு வெறும் பித்தளை என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு ஜெபம் ஓடவில்லை.

ரெஜினுக்கு முன்னால் சித்திக்கு ஒரு பெண் பிறந்தது. 1974, சித்திரை மாதம். உனக்கு மூன்று வயது. நம் வீட்டில் உன் காதுபட அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை, உனக்குத் தெரிய வழியில்லை. மத்தியானம். ஆண்கள் எல்லோரும் களத்தில். அம்மா மருத்துவச்சியைச் சித்தியிடம் விட்டு, என்னையும் துணையாக உட்காரச் சொல்லிவிட்டு, களத்துக்கு ஆள் கூட்டிவர ஓடினாள். எனக்குப் பத்து வயது. பிள்ளை பிறந்தது. அழவில்லை. உதடு நாவல்பழ நிறம். மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி விட்டு விட்டு மூச்சு. மருத்துவச்சி வெந்நீர் பார்க்கப் பின்கட்டுக்குப் போனாள். அறையில் நான், கண்மூடிக் கிடந்த சித்தி, அந்தப் பிள்ளை. கட்டிலின் கால்மாட்டில் அந்தச் சொம்பு நிறையத் தண்ணீர்.

அந்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றி இன்ன வார்த்தை சொல்ல வேண்டும். தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு எனக்கு ஒரு மாதா படம் பரிசு. எல்லாம் தெரியும் தம்பி. தண்ணீர் கை எட்டும் தூரத்தில். சின்னப் பிள்ளை செய்தால் பாவமாகிவிடுமோ, தப்பாகச் சொல்லிவிட்டால் என்னவாகும் என்று பயம் வந்தது. எழுந்து ஓடினேன். கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அப்போது கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. பூசை கிடையாது, கோயில் புத்தகத்தில் பேர் கிடையாது. சுவருக்கு வெளியே வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். சித்தி மெழுகுவர்த்தி கொளுத்துகிற இடம் அதுதான். கொஞ்ச நாள் கழித்துச் சித்தி அந்தச் சொம்பில் பிள்ளையின் பேரை வெட்டவைத்தார் என்று அம்மா சொல்லிக் கேட்டேன். அந்தப் பேரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே மடத்துக்கு வந்துவிட்டேன். என்னைப் பக்தி இங்கே கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். பாதி அந்தச் சொம்புதான் கொண்டுவந்தது.

பூமியில் அந்தப் பிள்ளையின் பேர் எழுதியிருந்த ஒரே இடம் அது. உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெருகு போட்டிருக்க மாட்டாய்.

என் பாவத்தைச் சொல்லிவிட்டேன். உடம்பு எப்படி?

அக்கா
சகாயம்

*

தஞ்சாவூர்
28.8.2025

வைரக்கண்ணு அண்ணனுக்கு,

மே மாதம் அனுப்பிய சொம்பு எனக்குத் திரும்ப வேண்டும். விற்றிருந்தால் யாரிடம் என்று சொல்லுங்கள். பேரை ராவ வேண்டாம். தயவுசெய்து, ராவ வேண்டாம்.

குழந்தைராஜ்

*

புதுச்சேரி
22.9.2025

தம்பி குழந்தைராஜுக்கு,

ஊரில் இல்லை. அதனால்தான் சீட்டு தாமதம். நம் தொழிலில் போன பொருள் போனதுதான், செத்த பிணம் சுடுகாட்டிலிருந்து திரும்பாது என்பது உனக்குத் தெரியாததா? இருந்தாலும் முப்பது வருஷப் பழக்கம், எழுதுகிறேன். வாங்க வந்தவர் உள்ளே இழுத்தும் வெளியே இழுத்தும் இன்னும் எடுத்துப்போகவில்லை. பொருள் என்னிடம்தான். ஆனால் உன் முதல் சீட்டைப் படித்த அன்றே பேரை ராவ வேலையாளிடம் கொடுத்துவிட்டேன். பாதி ராவியதும் அவனுக்குக் காய்ச்சல், வேலை அப்படியே நின்றது. பாதிக்கு மேல் போயிற்று, கடைசியில் இரண்டு எழுத்து இருக்கிறது. நீ சொல்லித்தானே ராவினேன், அப்புறம் என்மேல் பாயக் கூடாது.

வேண்டுமென்றால் பணம் வேண்டாம். உன் கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாயே பழைய பலாப்பலகைத் தஞ்சாவூர்ப் படம் இரண்டு, அவற்றோடு வா.

வைரக்கண்ணு

*

மலை மடம்
30.9.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

நாற்பத்தொரு நாளாயிற்று. இங்கே மழை தொடங்கிவிட்டது. நலமா என்று மட்டும் எழுது.

அக்கா

*

தஞ்சாவூர்
12.10.2025

அக்காவுக்கு,

நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாலாவது மடிப்பில் கிழிந்துவிட்டது. இந்தப் பதிலை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். தலைவித் தாயும் படிப்பார் என்பதால் அல்ல, நீங்கள் படிப்பீர்கள் என்பதால்.

நான் மெருகு போடவில்லை. சித்தியிடம் கொடுத்தது அவர் சொம்பே இல்லை. அதே உயரத்தில் ஒரு புதுப் பித்தளைச் சொம்பு. கண் தெரியாதவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, பேர் தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். அசல் சொம்பைப் புதுச்சேரி வியாபாரிக்கு விற்றுவிட்டேன். பேரை ராவி எடுங்கள் என்று என் கைப்பட எழுதினேன்.

தேவை இருந்தது என்று சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தேன். கடனில்லை, நோயில்லை, பெண்ணுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டேன். கண் பார்த்தது, கை நீண்டது, அவ்வளவுதான். பெட்டியில் கிடந்து கருப்பதைவிட அருமை தெரிந்தவன் கைக்குப் போகட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். திருடனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

ஒன்று மட்டும் என்னைத் தூங்க விடுவதில்லை. வீட்டுச் சாமான் அத்தனையையும் கண்ணாடியாய்த் தேய்த்து வைத்திருக்கிற பெண், ஒன்றை மட்டும் ஏன் கருக்க விட்டார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கறுப்பு கலையாமல் இருந்தால் விலை கூடும், அதுதான் எனக்குத் தோன்றியது. மேல்பக்கம் ஏமாற்றும், அடியைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குப் பெரிய மனுஷனாய் எழுதினேன். அடியில் ஒரு பிள்ளையின் பேர் இருந்தது. என் விரல் அதன்மேல் பட்டது. படிக்கவில்லை.

போன வாரம் புதுச்சேரிக்குப் போய்ச் சொம்பை மீட்டு வந்தேன். அவர் கேட்ட இரண்டு படங்களையும் கொடுத்தேன். பேர் முக்கால்வாசி ராவிப் போயிருந்தது. முடிவில் ‘மேரி’ மட்டும் நிற்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு மேரி. புதுப் பாத்திரத்தில் பழைய மாதிரிப் பேர் வெட்டித் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். எத்தனையோ வேலை வாங்கியிருக்கிறேன். அவர் வெட்டினால் நானே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, சித்தி விரலுக்குத் தெரியவா போகிறது என்று கள்ளப்புத்தி வேலை செய்தது. அதற்கும் பேர் தெரிய வேண்டுமே. உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி
குழந்தைராஜ்

*

மலை மடம்
21.10.2025

என் தம்பிக்கு,

பேர் எனக்குத் தெரியாது. சித்தி யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். சித்தி ஜூனில் எழுதச் சொன்ன கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. “வந்தது என் சொம்பு இல்ல. அவனா சொல்லட்டும்.” அன்றிலிருந்து எனக்குத் தெரியும். உன் வாயால் வரட்டும் என்று நானும் காத்திருந்தேன். திட்டி எழுத உட்கார்ந்தபோதுதான் என் வைக்கோல் போர் ஞாபகம் வந்தது. உன்னைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று என் கதையை எழுதினேன்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் போ. ராவியது ராவியபடியே இருக்கட்டும், அதைக் கொண்டுபோ. எனக்கு இந்த வாசலைத் தாண்ட வழியில்லை. ஆகஸ்டில் உனக்கு எழுதினேனே அந்தக் கடிதத்தைச் சித்தி முன்னால் உட்கார்ந்து உரக்கப் படி. ஒரு வரி விடாதே. நம் இரண்டு பேர் கணக்கும் ஒரே நாளில் அவர் காலடியில் வரட்டும்.

அக்கா
சகாயம்

*

தஞ்சாவூர்
3.11.2025

அக்காவுக்கு,

முன்னால் போகத் தைரியமில்லை. நேற்றுக் கல்லறைத் திருநாளன்றே போனேன். காலையிலிருந்து தூறல். புது வீட்டுக்குத் தளம் போட்டு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் தகரக் கொட்டகையில் சித்தி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சான்ட்ரா பூவும் மெழுகுவர்த்தியும் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு சேறாகக் கிடந்தது. என் சொம்புதான்.

சித்தி கையில் அசலை வைத்தேன். இடது கை கழுத்தைப் பிடித்தது, வலது கைவிரல் கேட்காமலே அடிக்குப் போயிற்று. வழவழப்பில் போய்ப் போய் வந்தது. பிறகு ‘மே’. பிறகு ‘ரி’. அந்த இரண்டு எழுத்தின்மேல் விரல் நின்றுவிட்டது.

“சித்தி, நான்தான் வித்தேன். ராவச் சொன்னதும் நான்தான்” என்றேன். 

“கொண்டாந்த அன்னிக்கே தெரியும்டா. என் சொம்புக் கழுத்துல விரல் வச்சா கொடி தட்டும். அது மொழுமொழுன்னு இருந்துச்சு. கோழிக்குத் தண்ணி வச்சிருக்கேன் அதுல.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். திட்டவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்தேன். சகாயம் அக்கா உங்களுக்குப் படிக்கச் சொன்னது என்றேன். படித்தேன். வைக்கோல் போர் வந்த இடத்தில் நிறுத்தினேன். “படி” என்றார். முடித்தேன். சான்ட்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சித்தி சொம்பை மடியில் இறுக்கிக்கொண்டார். பிறகு சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

“அட பைத்தியக்காரி. இதுக்கா அம்பது வருஷம்? நான் ஊத்திட்டேன்டா. அவ எந்திரிச்சு ஓடினா பாரு, அப்பத்தான் கண்ணத் தொறந்தேன். ஆளில்ல. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. எக்கி இந்தச் சொம்ப எடுத்தேன். கையில ஊத்தி நெத்தியில விட்டேன். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலன்னு சொல்லிப் பேரும் வச்சேன். அப்புறந்தான் அது போச்சு. சாயங்காலம் சொல்றேன், ஒருத்தரும் நம்பல. யார் பாத்தான்னு கேட்டாரு உங்க சித்தப்பா. சாட்சி இருந்தாத்தான் எழுதலாம்னாரு உபதேசியாரு. பெத்தவ மயக்கத்துல பெனாத்துறான்னுட்டாங்க. கோயில் புஸ்தகத்துல எழுத மாட்டேன்னாங்கல்ல, தெருவுல பேரு வெட்டுறவன் வந்தப்ப ஒரு மரக்கா நெல்லப் போட்டு நான் இதுல எழுதிக்கிட்டேன். எந்தத் தண்ணியோ அந்தச் சொம்புலயே.”

பிறகு சொம்பைத் திருப்பி, ராவிய இடத்தை என் பக்கம் காட்டினார்.

“அதத்தான் நீ அழிச்சுட்டு வந்து நிக்கிற.”

அக்கா, சித்தி என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். போலீஸ் பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ராவச் சொன்னது சொம்பில் இருந்த குறையை இல்லை. அது ஒரு ஞானஸ்நானப் புத்தகம். அதற்கு ஒரே ஒரு பக்கம். காலில் விழுந்தேன். எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை. அவர் விரலெல்லாம் அந்த இரண்டு எழுத்திலேயே இருந்தது.

உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“ஊத்தலையேன்னு அவ அழ வேணாம்னு எழுது. ஊத்தியாச்சு. ஓடினதுக்கு மட்டும் அழுதுக்கட்டும். நின்னிருந்தா எனக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.”

“எனக்கு?” என்றேன்.

“நீ அழாத. தண்ணி தூக்கு.”

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து நடத்திப் போனேன். சேற்றில் இரண்டு முறை வழுக்கினேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சித்தப்பா கல்லறையைக் கழுவினோம். வாய்க்காலுக்கு இரண்டு கரையும் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். அங்கே சொம்பை வைத்தேன். மெழுகுவர்த்தி மழைக்கு நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு சுடர் நின்றது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் மரித்தவர்கள் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பூசையில் சாமியார் வாசிப்பார். நான் ஒரு சீட்டும் பேனாவும் வாங்கி வந்தேன். “சித்தி, பேர் சொல்லுங்க” என்றேன். முப்பது வருஷத் தொழிலில் பாத்திரத்துக்கு உரியவர் ஒருவரிடமும் நான் கேட்காத கேள்வி. அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஐம்பத்தோரு வருஷமாகச் சொல்லிப் பழகாத பேர். பிறகு சொன்னார். எழுதினேன். வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாமியார் இளைஞர், இந்தக் கதை எதுவும் தெரியாது. மைக்கில் வரிசையாக வாசித்துக்கொண்டே போனார். சவரிமுத்து, ஞானப்பூ, அடைக்கலமேரி, மரியதாஸ். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் அவ்வளவுதான், ஒரு மூச்சு நேரம். சித்தி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்த இடம் இப்போதும் எரிகிறது.

புதுப் பேர் வெட்டட்டுமா என்று திரும்பும்போது கேட்டேன். வேண்டாம் என்றார். ராவினது தெரியட்டும் என்றார்.

சொம்பைத் துணி சுற்றி அவர் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த வருஷமும் தண்ணீர் தூக்க வரச் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு கடிதத்திலும் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவேன். இந்த மாதம் எனக்கு வேண்டாம். பிள்ளையின் பேர் அடைக்கலமேரி. பேர் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.

தம்பி
குழந்தைராஜ்